மயானத்துக்கு ஒரு பெயரேடு

சென்னை அவ்வை சண்முகம் சாலையில், பழைய ஆட்கள் இன்னும் லாயிட்ஸ் ரோடு என்றே சொல்லும் தெருவில், யூதர்களின் சிறிய இடுகாடு ஒன்று இருக்கிறது. அங்குள்ள பழைய கற்கள் முதலில் நடப்பட்ட இடம் அது இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் பெத்துநாயக்கன்பேட்டையில், தங்கசாலைத் தெருவை ஒட்டி, யூத வணிகர்கள் தங்களில் இறந்தவர்களுக்கென நிலம் வைத்திருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து பவளம் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரம் வாங்கி அனுப்பிய குடும்பங்கள் அவை. 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மன்களிலும் யூதர்கள் இருந்தார்கள். அந்தச் சமூகம் பிறகு கரைந்துபோனது. 20-ஆம் நூற்றாண்டில் இடுகாட்டு நிலமும் நகரத்தின் வேறு தேவைகளுக்குப் போய்விட்டது. கற்கள் ஊருக்குள்ளேயே இடம் மாறி மாறிக் கடைசியில் லாயிட்ஸ் சாலைக்கு வந்து சேர்ந்தன. எலும்பு ஓரிடம், கல் ஓரிடம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் ஜாக் தெ பைவா என்ற வைர வணிகர் 1687-இல் சென்னையில் இறந்து இங்கேயே அடக்கமானார் என்பதையும், ஐசக் அபெந்தானா 1709-இல் இங்கே காலமானார் என்பதையும், லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ தன் குடும்ப வரலாற்றைத் தேடும் ஒருவரால் இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இப்போது உத்திரமேரூர் வட்டத்துக்கு வருவோம். இங்கே ஏதாவது ஒரு கிராமத்தில், 1950-இல் இந்த ஊர் மயானத்தில் யார் யாரை அடக்கம் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எண்பது வயதைத் தாண்டிய ஓரிருவர் சில பெயர்களைச் சொல்லக்கூடும். அதற்குமேல் கேட்க ஆளும் இல்லை, புரட்டிப் பார்க்க ஏடும் இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து சில தலைமுறைகளே தங்கிய வணிகர்களின் சாவு நமக்குத் தெரிகிறது. ஆயிரம் ஆண்டுகளாக இதே ஏரிப் பாசனத்தில் நடவு நட்டு, இதே மண்ணில் புதைந்தவர்களின் பெயர் தெரியவில்லை. இந்த இடைவெளிக்குப் பக்தியோ பாசமோ குறைந்தது காரணமில்லை. பதிவு செய்யும் பழக்கம் ஒரு பக்கம் இருந்தது, இன்னொரு பக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தை நம் ஊராட்சிகள் இப்போதாவது கைக்கொள்ள வேண்டும், ஊருக்கு ஊர் மயானத்துக்கென்று ஒரு பெயரேடு வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

யூத முறையில் என்ன சிறப்பு என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது செலவைப் பொறுத்த சிறப்பு இல்லை. எளிய கல்லிலும் இறந்தவரின் பெயரோடு தந்தையின் பெயர் இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று. ஒரு கல்லைப் படித்தால் இரண்டு தலைமுறை கிடைக்கும். அந்தத் தந்தையின் கல்லையும் கண்டுபிடித்தால் மூன்றாவது தலைமுறை. எர்ணாகுளம் மாவட்டம் சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்லறை எழுத்து அதுதான் என்கிறார்கள். அது ஒரு பெண்ணின் கல். சாரா, இஸ்ரேல் என்பவரின் மகள். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டோடு சேர்த்து நாம் இன்று அடையாளம் காண்கிறோம். குருக்கள் குலத்தவர் என்றால் ஆசி வழங்கும் இரு கைகளையும், லேவியர் என்றால் நீர்க்குடத்தையும் செதுக்கும் வழக்கமும் உண்டு. எழுத்து தேய்ந்த கல்லில்கூட இந்தச் சின்னம் ஒரு துப்பாகும். இறந்த நாளை எபிரேய நாள்காட்டிப்படி எழுதுவார்கள். ஆண்டில் ஆயிரத்தை விட்டுவிடுவதும் உண்டு. 447 என்று இருந்தால் அதை 5447 என்று கொண்டு, 3760-ஐக் கழித்தால் 1687 வரும். ஆண்டுப் பிறப்பை ஒட்டிய செப்டம்பர் முதல் டிசம்பர் வரையான மாதங்களுக்கு 3761-ஐக் கழிக்க வேண்டும். அவர்களுக்கு நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது என்பதால், இரவில் இறந்தவருக்குத் தேதி ஒன்று தள்ளிப்போகும். திதி பார்த்துத் திவசம் கொடுக்கும் நமக்கு இந்தக் கணக்கு புரியாத ஒன்றில்லை. அவர்களும் ஆண்டுதோறும் அந்த நாளில் இறந்தவரை நினைக்க வேண்டும். அதற்காகவே நாளை இவ்வளவு கவனமாகக் குறித்து வைத்தார்கள்.

கல் மட்டும் போதாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். பல ஊர்களில் அடக்கத்தைப் பொறுப்பேற்று நடத்தும் சங்கம் ஒன்று உண்டு. உடலைக் கழுவுவது முதல் குழி வெட்டுவது வரை அதன் வேலை. இறந்தவர் யார், எந்த வரிசையில் எந்தக் குழி என்று அந்தச் சங்கம் தனியாக ஏடு எழுதும். கல் உடைந்தால் ஏடு இருக்கும். ஏடு எரிந்தால் கல் இருக்கும். கல்லில் உள்ளதெல்லாம் உண்மை என்று நம்பிவிடவும் கூடாது. வயதை உத்தேசமாகப் போட்டிருப்பார்கள், புகழுரையைத் துக்கம் எழுதியிருக்கும், பல ஆண்டுகள் கழித்துக் கல் நட்டவருக்குத் தேதி தவறியிருக்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் கல்லை ஏட்டோடும், ஏட்டை உயில், கப்பல் பட்டியல், வணிகக் கடிதம் ஆகியவற்றோடும் ஒப்பிடுகிறார்கள். உலகெங்குமுள்ள யூத இடுகாடுகளின் பதிவுகளை ஜூயிஷ்ஜென் என்ற அமைப்பு இணையத்தில் ஒரே தொகுப்பாக்கியிருக்கிறது. தன்னார்வலர்கள் ஊர் ஊராகப் போய்க் கல்லைப் படமெடுத்து, எழுத்தைப் படித்து, பெயரை ஏற்றுகிறார்கள். நம் மாநிலத்தில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்க முயற்சி ஒன்று நடந்தது, ஐரோப்பியர்களுக்காக. ஜே.ஜே. காட்டன் சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளைத் திரட்டி 1905-இல் நூலாக்கினார். அதன்பின் அழிந்துபோன கல்லறைகளுக்கு இன்று அந்த நூல் ஒன்றே சாட்சி.

நமக்குக் கல்லில் எழுதும் வழக்கம் இல்லை என்று உத்திரமேரூர்க்காரர் யாரும் சொல்ல முடியாது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காக உலகப் புகழ் பெற்றவை. பள்ளிப் புத்தகத்தில் நாம் படிப்பது தகுதிகளை: நிலம், சொந்த மனை, வயது 35-க்கு மேல் 70-க்குள். குடும்ப வரலாற்றில் அக்கறை உள்ளவர் படிக்க வேண்டிய பகுதி வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக்கூடாது என்பதோடு கல்வெட்டு நிற்கவில்லை. அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மருமகன், உடன்பிறந்தாளை மணந்தவன், சகோதரியின் மகன் என்று உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி விலக்குகிறது. யார் யாருக்கு என்ன உறவு என்பதை ஊர்ச்சபை திட்டமாக அறிந்திருந்தாலொழிய இந்த விதியை ஒரு நாள்கூட நடைமுறைப்படுத்த முடியாது. அந்த அறிவு சதுர்வேதிமங்கலத்தின் நிலவுடைமைக் குடும்பங்களுக்குள் இருந்தது. இதே ஊரின் வைரமேகத் தடாகத்தைத் தூர்வாரப் பொன் கொடுத்தவர்களைக் கல்வெட்டுகள் நினைவில் வைத்திருக்கின்றன. மண் சுமந்தவர்களின் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. போரிலும் ஆநிரை மீட்பிலும் இறந்த எளிய வீரனுக்கு நடுகல் நட்டு, பெயரும் ஊரும் எழுதிய மரபு தொண்டை நாட்டுக்கும் உண்டு. ஆனால் அது வீரச் சாவுக்கு மட்டும். பிரசவத்தில் இறந்தவளுக்கும், காலராவில் போன குடும்பத்துக்கும் கல் கிடையாது.

பிறப்பு, இறப்புப் பதிவு சட்டப்படி இருக்கும்போது மயானத்துக்குத் தனி ஏடு எதற்கு என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சென்னை மாகாணத்தில் 1899-லேயே பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. கிராமத்தில் முன்சீப் அந்தப் பதிவேட்டை எழுதினார். 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிக்கப்பட்டபின் அந்த வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. இப்போது நடப்பது 1969-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். 2023-இல் அதைத் திருத்தி நாடு முழுவதற்கும் மின்னணுப் பதிவாக்கியிருக்கிறார்கள். இன்று இறப்பவரின் பெயர் பெரும்பாலும் தவறாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படிவம் எங்கே இறந்தார் என்று கேட்கிறது. எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று கேட்பதில்லை. சென்னை மருத்துவமனையில் இறந்து, ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்டவரின் பதிவு சென்னையோடு முடிகிறது. தன் ஊர்ப் பதிவேட்டில் அவர் இல்லை. பழைய பதிவேடுகளின் கதை வேறு. அவற்றைத் தேட இறந்த ஆண்டு தெரிந்திருக்க வேண்டும். ஆண்டு தெரியாமல்தானே ஒருவர் தேடவே வருகிறார்! பெண்களின் நிலை இன்னும் மோசம். பட்டாவிலும் பழைய ஆவணங்களிலும் அவளுக்குக் கணவன் பெயர் மட்டும் துணையாக நிற்கிறது. எந்த ஊரில் பிறந்தாள், தாய் யார் என்ற செய்தி அங்கேயே அறுந்துவிடுகிறது. சேந்தமங்கலத்துச் சாராவுக்குக் கிடைத்தது நம் கொள்ளுப்பாட்டிகளுக்குக் கிடைக்கவில்லை.

இது பொழுதுபோக்காகக் குடும்ப மரம் வரைபவர்களின் தேவை என்று ஒதுக்கிவிடக்கூடாது. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் முன்பு செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தது. அந்த மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர், 1891-இல் தலித் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையின் விளைவாகத்தான் 1892-இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப்போனது. அவற்றை மீட்கப் போராடும் குடும்பங்கள் எதிர்கொள்ளும் கேள்விகளில் ஒன்று, முதலில் நிலம் பெற்றவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்பது. நான்கு தலைமுறைக்கு முந்தைய ஒரு கூலித் தொழிலாளியின் சாவை எந்தத் தாளைக் காட்டி அவர்கள் நிரூபிப்பார்கள்? நிலத்தை அபகரித்தவரிடம் கிரயப் பத்திரம் இருக்கிறது. இழந்தவரிடம் பாட்டி சொன்ன கதை இருக்கிறது. மயானத்து ஏடு ஒன்று அன்று இருந்திருந்தால் அது வழக்கையே வென்று தந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதைக்கு ஒரு சாட்சியாக நின்றிருக்கும்.

கடல் கடந்தவர்களின் தேவையும் இதேதான். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,000 பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலானோர் சென்னை மாகாணத்தவர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், ஊர் எழுதியிருக்கிறது. மொரீஷியஸில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அந்த நாட்டுக்குப் போனவர்களின் பதிவுகளைப் பாதுகாத்து, வாரிசுகளுக்கு எடுத்துக் கொடுக்கிறது. ஆகப் புறப்பட்டவரின் பதிவு அங்கே பத்திரமாக இருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஊரைத் தேடி வருபவருக்கு, ஊரில் தங்கிவிட்ட தந்தையைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் சொல்ல இங்கே எந்த ஏடும் இல்லை. கூலிக் கணக்குக்காக எழுதப்பட்டதை நாம் உறவுக்காகக்கூட எழுதவில்லை.

பெயர் எழுதப்படாதபோது என்ன நடக்கிறது என்பதற்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் இறந்த போர்க்கைதிகளில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அங்குள்ள போர்க் கல்லறையில் கிடக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கல், இயன்றவரை பெயர், படைப்பிரிவு, வயது. பேரப் பிள்ளைகள் இன்றும் வந்து பூ வைக்கிறார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே ஆய்வாளர்களின் கணக்கு பெரிதும் மாறுபடுகிறது. படைக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, கூலிக்கு இல்லை என்பதுதான் இந்த வேறுபாட்டின் வேர்.

எங்களில் பலர் எரிப்பவர்கள், சாம்பலை ஆற்றில் கரைத்தபின் எதைப் பதிவு செய்வது என்று கேட்கலாம். இதற்கும் யூதர்களிடமே பதில் இருக்கிறது. நாஜிகள் கொன்றவர்களில் லட்சக்கணக்கானோருக்குக் கல்லறையே இல்லை. ஜெருசலேமிலுள்ள யாத் வஷேம் நிறுவனம் 1950-களிலிருந்து, உறவினரும் அண்டை வீட்டாரும் நிரப்பிக் கொடுக்கும் தாள்களில், இறந்த ஒவ்வொருவரின் பெயர், பெற்றோர், ஊர் ஆகியவற்றைத் திரட்டிவருகிறது. பிற ஆவணங்களில் கிடைத்தவற்றையும் சேர்த்து, நாற்பத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இன்று மீண்டிருக்கின்றன. உடல் இல்லாமலேயே பெயரைப் பதியலாம். நம் நாட்டிலும் ஹரித்வாரில் தீர்த்தப் புரோகிதர்கள், நீத்தார் கடன் செய்ய வருபவர்களின் வம்ச விவரங்களைத் தலைமுறை தலைமுறையாக நீண்ட ஏடுகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம் 1977 முதல் அவற்றை நுண்படமாக்கியது. ஆனால் ஹரித்வார் வரை போக வசதி இருந்தவர்கள்தான் அந்த ஏட்டில் இருக்கிறார்கள். ஊர் மயானத்துக்கு அந்தத் தடை கிடையாது. அங்கே எல்லோரும் போய்த்தான் ஆக வேண்டும்.

மிகக் கனமான ஆட்சேபம் சாதி பற்றியது. வம்சம் தேடுவது இந்த நாட்டில் சாதிப் பெருமை தேடுவதில்தான் போய் முடியும் என்று அஞ்சுபவர்களை நான் மதிக்கிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மயானமே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. பாதைக்காகப் பிணத்தோடு காத்திருந்த குடும்பங்களின் செய்தி நமக்குப் புதிதில்லை. ஆனால் பதிவே இல்லாத இன்றைய நிலை யாருக்குச் சாதகம் என்று பார்க்க வேண்டும். செப்பேடும், கோயில் மரியாதையும், பத்திரமும் வைத்திருப்பவர்களுக்கு ஏற்கெனவே வம்சம் இருக்கிறது. ஏடு இல்லாததால் இழப்பது மற்றவர்கள். ஆகவே ஏடு ஊராட்சிக்கு ஒன்றாக இருக்க வேண்டும். மயானம் மூன்றாக இருந்தாலும் ஏடு ஒன்றுதான். அதில் சாதிக்குப் பத்தி இருக்கவே கூடாது. இறந்த நாள் வரிசையில் எழுதினால், ஒரே வாரத்தில் இறந்த ஊர்ப் பெரியதனக்காரரும் மாட்டுக்காரரும் அடுத்தடுத்த வரியில் வருவார்கள். அப்படி ஓர் ஏட்டை இந்த ஊர்கள் இதுவரை கண்டதில்லை.

பெயர்களை வெளியிட்டால் சொத்துத் தகராறும் போலி வாரிசும் கிளம்பும் என்பாரும் உண்டு. ஸ்காட்லாந்தில் இறப்புப் பதிவின் படத்தை ஐம்பது ஆண்டு கழித்தே இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். பிறப்புக்கு நூறு ஆண்டு. அதுபோன்ற வரம்பு ஒன்றை நாமும் வைத்துக்கொள்ளலாம். சாவுக்குக் காரணமான நோயை இந்த ஏட்டில் எழுதத் தேவையே இல்லை. போலி வாரிசைப் பொறுத்தவரை, ஆவணம் இல்லாத இடத்தில்தான் அவன் பிழைக்கிறான்.

ஏடு ஒன்றும் பெரிய காரியமில்லை. பெயர், தாய் பெயர், தந்தை பெயர், பெண்ணாக இருந்தால் பிறந்த ஊர், இறந்த நாள், இறந்த இடம், புதைத்ததா எரித்ததா, மயானத்தில் எந்தப் பக்கம், தகவல் சொன்னவர் யார் என்ற ஒன்பது பத்திகள் போதும். பத்தாவதாக ஒரு பத்தி சேர்க்கலாம்: இது கண்டு எழுதியதா, கேட்டு எழுதியதா. 1999-இல் வந்த ஊராட்சி மயான விதிகள் எங்கே புதைக்கலாம், எங்கே எரிக்கலாம் என்பதை முறைப்படுத்துகின்றன. அவற்றோடு இந்தப் பெயரேட்டையும் அரசு சேர்க்கலாம். அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அக்டோபர் 2 கிராமசபையில் எந்த ஊராட்சியும் தீர்மானம் போட்டு, மறுநாளே ஒரு நீளக் கணக்கு நோட்டில் தொடங்கலாம். இன்று இறப்பவர்களை எழுதுவது எளிது. அவசரமானது, சென்ற ஐம்பது, அறுபது ஆண்டுகளில் போனவர்களின் பெயர். அது இப்போது மயானத்தில் குழி வெட்டிய தொழிலாளர்களிடமும், எந்த வீட்டில் எப்போது சாவு என்பதைத் தங்கள் பிள்ளைப்பேற்றையும் புயலையும் பஞ்சத்தையும் வைத்துக் கணக்குச் சொல்லும் கிழவிகளிடமும்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை நோட்டோடு முதலில் அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு அனுப்ப வேண்டும். பட்டா நகலும் பழைய ரேஷன் கார்டும் வைத்துச் சரிபார்க்கும் வேலை அதற்குப் பிறகு.